பிடிகொடுக்காதவர்களுக்கும் காதல் வரும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காதல், கல்யாணம் என்று பேச்செடுத்தாலே நழுவிவிடும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களில் ஒருவருக்கு எதிர்பாராமல் காதல் வந்துவிட்டால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல்லூரி ஆசிரியையாக இருந்த காலத்தில், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து மாணவர்கள் கேட்ட கேள்விகள் இவை. யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகளின் சாரத்தை மாற்றவில்லை.

காதலே வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது ஒருவரைப் பார்க்காத நாள் நாளாகவே இல்லை. இது எப்படி நடந்தது?

பெரும்பாலும் பஸ்ஸில் நடந்திருக்கும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. தர்மபுரிக்கு ரயில் உண்டு என்றாலும், பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை. மூன்று ஆண்டுகள் அதே பஸ், அதே நேரம், அதே முகங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும், அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் சையான்ஸ் 1968-இல் சோதனைகள் மூலம் காட்டினார். பொருள் தெரியாத அந்நிய எழுத்துகளைக்கூடப் பலமுறை பார்த்தவர்களுக்கு அவற்றைப் பிடித்துப்போனது. மனித முகம் பிடித்துப்போவதில் வியப்பென்ன?

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காதலிக்க வேண்டும் என்று அலைபவர் பேசும்போதே எச்சரிக்கையாக இருப்பார். எதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று அளந்து பேசுவார். காதலே வேண்டாம் என்றிருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டுக் கஷ்டம், அரியர், அப்பாவின் குடி என எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசிவிடுவார். அப்படிப் பேசப் பேச நெருக்கம் வந்துவிடுகிறது.

பென்னாகரத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், தனக்குக் காதல் வந்துவிட்டது என்று தெரிந்த விதத்தைச் சொன்னார். இண்டூரில் ஏறும் அந்தப் பெண் கூட்டத்தில் நின்றுகொண்டு, உட்கார்ந்திருக்கும் இவரிடம் பையை நீட்டுவார். நிற்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பவர்களிடம் பை கொடுப்பது அந்த பஸ்ஸில் வழக்கம். ஒரு நாள் அவர் வரவில்லை. பக்கத்தில் நின்ற வேறொருவர் பையை நீட்டியபோது, "இல்லை, ஆள் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டாராம். "மடியில் இடம் பிடித்து வைத்திருந்தேன் மேடம்" என்று சொல்லும்போது அவர் காது மடல் சிவந்துவிட்டது.

இது காதல்தானா, வெறும் பழக்கமா?

ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் காதலை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு. மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிகொடுக்காதவர்களுக்கு முதல் இரண்டும் கேட்காமலேயே வந்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் கால் பின்வாங்குகிறது. மூன்றாவது இன்னும் வரவில்லை என்பதால் முதல் இரண்டும் பொய்யாகிவிடாது.

பழக்கமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க செமஸ்டர் விடுமுறை போதும். பழக்கமாக இருந்தால் பத்து நாளில் வேறு பழக்கம் அதன் இடத்துக்கு வந்துவிடும். விடுமுறையில் வீட்டில் ஒன்று நடக்கிறது, அதை அவரிடம் சொன்னால்தான் நடந்தது முழுமையாகும் என்று தோன்றுகிறது என்றால் அதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காதல் இருக்கிறது. ஆனால் "நமக்குள் என்ன?" என்று அவர் கேட்டால் ஓடிவிடத் தோன்றுகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. தன்னை வளர்ப்பவரிடம் குழந்தை கொள்ளும் பற்றுதல்தான் பிற்கால உறவுகளுக்கு அடித்தளம் என்றார் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. பெரியவர்களின் காதலிலும் அதே சாயல் இருக்கிறதா என்று அறிய சிண்டி ஹசான், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் கேள்வித்தாள் வெளியிட்டார்கள். 1987-இல் வந்த அந்த ஆய்வில், பதில் அனுப்பியவர்களில் ஏறத்தாழ 25 சதவீதம் பேர், ஒருவர் மிகவும் நெருங்கி வந்தால் தங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற வகையில் தங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கில் ஒருவர். அத்தனை பேரையும் கோளாறானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் தயக்கத்துக்கு நம் ஊரிலேயே காரணங்கள் இருக்கின்றன. அம்மாவும் அப்பாவும் கட்டட வேலைக்குப் பெங்களூருவுக்கோ, பனியன் வேலைக்குத் திருப்பூருக்கோ போய்விட, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் இந்த இரு மாவட்டங்களிலும் ஏராளம். பெற்றவர்கள் பொங்கலுக்கு வருவார்கள், ஊர்த் திருவிழாவுக்கு வருவார்கள், மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார்கள். அழுதால் அம்மா கஷ்டப்படுவாள் என்று அழாமல் இருக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இருபது வயதாகும்போது, எதிரில் ஒருவர் "நீ இல்லாமல் என்னால் முடியாது" என்கிறார். அந்தப் பிள்ளை பேச்சை மாற்றுகிறது. அதற்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

கடன் இன்னொரு காரணம். அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அப்பா இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். வறட்சியில் மா காய்க்காத ஆண்டிலும் வட்டிக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். இதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கல்யாணம் என்றதும் மேளச் சத்தம் கேட்காது, பத்திரத்தில் போட்ட கையெழுத்துதான் நினைவுக்கு வரும். அதோடு வீட்டின் முதல் பட்டதாரி என்ற பாரமும் சேர்ந்துகொள்கிறது. தங்கை படிப்பு, அம்மாவின் மூட்டு வலி, ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் கூரை என்று எல்லாம் அவர் பெயரில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொருவருக்கு இடம் எங்கே என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பயத்தைப் பொறுப்பின்மை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பொறுப்பின் விலை தெரிந்தவரின் பயம் இது. கேட்டவுடன் "உயிரையே கொடுப்பேன்" என்று சொல்பவரைவிட இவரை நம்பலாம்.

அப்படியானால் பிடிகொடுக்காமல் இருப்பது என் உரிமைதானே?

முடிவெடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் முடிவெடுக்கவில்லை என்பதை எதிரில் இருப்பவருக்குச் சொல்லாமல் காத்திருக்க வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இருவரும் இறுதி ஆண்டு. வியாழக்கிழமை மதியம் நூலகத்துக்கு வருகிறாயா என்று அவள் கேட்டால் அவன் "பார்க்கலாம்" என்பான். ஒரு வியாழக்கிழமைகூட அவன் வராமல் இருந்ததில்லை. ஆனாலும் வருகிறேன் என்று வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு நாள் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில், அவன் இரவல் கொடுத்திருந்த கால்குலேட்டரைத் திருப்பி நீட்டிவிட்டு அவள் சொன்னாள்: "வருவதும் நீதான், வருகிறேன் என்று சொல்லாததும் நீதான். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு மனதோடு கிளம்பி வருகிறேன். இனி என்னால் முடியாது."

அவன் என்னிடம் வந்து, "நான் ஏமாற்றவே இல்லையே" என்றான். உண்மைதான், அவன் ஏமாற்றவில்லை. ஏமாந்துபோவோமோ என்ற பயத்தை மட்டும் வாரா வாரம் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம், அடுத்த வியாழக்கிழமைக்கு மட்டும் கொடு என்று சொன்னேன். "மூன்று மணிக்கு வருகிறேன்" என்று சொல், மூன்று மணிக்குப் போ. சின்ன வாக்கைக் கொடுத்துக் காப்பாற்றிப் பழகியவருக்குத்தான் பெரிய வாக்கைக் கொடுக்கத் தைரியம் வரும். கால்குலேட்டர் மீண்டும் அவளிடம் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அவரிடம் எப்படிச் சொல்வது? காதலர் தினத்தில் சொல்லலாமா?

பிப்ரவரி 14-க்காக ஓசூர், தளி பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து சிவப்பு ரோஜாக்கள் வெளிநாடுகளுக்கு விமானம் ஏறுகின்றன. நம் மண்ணில் பூத்தது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நாள் பார்த்து, பூ வாங்கி, நண்பர்களைச் சுற்றி நிற்க வைத்துக் கேட்பது மறுமொழி சொல்ல வேண்டியவரை நெருக்கடியில் மாட்டிவிடும். தனியே, பகலில், இருவரும் எழுந்து போக வசதியான இடத்தில் பேசுங்கள்.

உள்ளதைச் சொன்னால் போதும். "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணம் என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. பயம் உன்னைப் பற்றியது அல்ல, என் வீட்டு நிலைமையைப் பற்றியது. படிப்பு முடிந்து ஒரு வேலை கிடைக்கும்வரை என்னால் முடிவு சொல்ல முடியாது. அதுவரை காத்திரு என்று கேட்க மாட்டேன். காத்திருப்பதா வேண்டாமா என்பது உன் விருப்பம்." இதை நடுங்கிக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை. கவிதை தேவையில்லை.

அவர் மறுத்துவிட்டால்?

மறுத்தது மறுத்ததுதான். வருத்தப்படலாம், பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கக் கூடாது, தோழி வழியாகத் தூது விடக் கூடாது. விருப்பமில்லாத பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வதும், செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதும் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம்.

நான் பெண். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். என் தயக்கமும் பையன்களின் தயக்கமும் ஒன்றா?

ஒன்றில்லை. பையன் பிடிகொடுக்காவிட்டால் அது அவன் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். பெண் பிடிகொடுத்தால் அவளுடைய கல்லூரியே போய்விடுகிறது. அதே பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர் வந்திருந்து, மாலைக்குள் செய்தி வீட்டுக்குப் போய், அடுத்த திங்கட்கிழமை மாணவியின் இருக்கை காலியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் தயக்கத்தை மனப் பயம் என்று நினைத்துக் குணப்படுத்த முயல வேண்டாம். அது நிலைமையைச் சரியாகக் கணித்த அறிவு.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பட்டத்தைக் கைவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நகரப் பேருந்தில் கட்டணமில்லை. "செலவு தாங்க முடியவில்லை" என்று வீட்டில் சொல்லும்போது பதில் சொல்ல இவை உதவும். உங்களை உண்மையில் நேசிப்பவர், நீங்கள் பஸ்ஸில் பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பார். "அப்படியென்றால் உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை" என்று சண்டை பிடிப்பவரைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

கட்டாயக் கல்யாணத்துக்கு ஏற்பாடு நடந்தாலோ, வீட்டில் அடைத்து வைத்தாலோ 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். பதினெட்டு நிறையாத தோழிக்கு இது நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

மாமன் மகளை எனக்கென்று சிறு வயதிலேயே பேசி வைத்துவிட்டார்கள். இப்போது வேறொருவர் மேல் காதல். யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருந்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

தப்பிக்க முடியாது. நீங்கள் சும்மா இருந்தாலும் வீட்டார் உங்களுக்காக நாள் குறித்துவிடுவார்கள். நம் பக்கத்தில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற பேச்சுக்கு இன்னும் வலு இருக்கிறது; மறுத்தால் அம்மாவுக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோகும் என்பதும் தெரியும். ஆனால் அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருவேளை அவளும் உங்களை விரும்பாமல், உங்களைப் போலவே வாய் திறக்காமல் இருக்கலாம். அம்மாவிடம் பேசும் முன் அவளிடம் பேசுங்கள். இருவரும் சேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் குடும்பத்தில் விழும் விரிசல் சிறிதாக இருக்கும். திருமண அழைப்பிதழ் அச்சான பிறகு சொல்வது யாருக்கும் நல்லதல்ல.

அவர் வேறு சாதி. இதற்குப் பயந்துதான் பிடிகொடுக்காமல் இருக்கிறேன்.

இந்தக் கேள்வியை தர்மபுரியில் யாரும் லேசாகக் கேட்பதில்லை. 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் தலித் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. இன்று கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அப்போது சிறு குழந்தைகள். ஆனாலும் வீடுகளில் அதைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்கள். ஆகவே "பயப்படாதே" என்று சொல்ல என்னால் முடியாது. பயத்தோடு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் எந்த அவசரமும் கூடாது. ஒரு மாதம் குறைந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. வயது வந்த இருவர் மனமொத்து மணக்கும்போது குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. மாவட்டம்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப் பிரிவு அமைக்கவும், மிரட்டலுக்கு உள்ளானவர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் தரவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். வீட்டார் அதைப் பார்த்துவிடும் ஆபத்து உண்டு. இருவரும் இந்துக்கள் என்றால் 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். அதற்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. எதைச் செய்வதானாலும் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள்.

இதில் பிடிகொடுக்காமல் இருப்பவருக்கு நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆபத்து இருவருக்கும் சமமாக வருவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும்தான் முதல் அடி விழுகிறது. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுமை மற்றவர் தலைமேல்தான் இருக்கிறது. நிற்க முடியாது என்று தோன்றினால் முன்பே சொல்லி விலகுங்கள். நிற்பதென்றால் கடைசிவரை நில்லுங்கள்.

காதலால் படிப்பு கெடுமா?

காதலால் கெட்டதைவிட, சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்த தவிப்பில் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

எனக்குப் பெங்களூருவில் வேலை. அவர் அரூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். தூரம் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அப்படியென்றால் காதல் இல்லையா?

நெருங்கினால் மூச்சு முட்டும் சிலருக்குத் தூரம் வந்த பிறகுதான் அன்பு தெளிவாகத் தெரியும். நிம்மதியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். சனிக்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பும்போது எப்படி இருக்கிறது? ஓசூர் தாண்டியதும் மனம் வேகம் எடுக்கிறதா, இல்லை ஏதாவது சாக்கு கிடைத்து இறங்கிவிட மாட்டோமா என்று இருக்கிறதா? அதைக் கவனியுங்கள். இன்னொன்று, வேலையில் இருப்பவர் நீங்கள். தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் நீளம். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு அதைத் தவறாதீர்கள்.

நம்பிக்கைக்கு அடையாளமாகக் கைபேசிக் கடவுச்சொல்லோ படங்களோ கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய படத்தை வைத்து மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மிரட்டியவருக்குத்தான் அவமானம், உங்களுக்கு இல்லை.

நான் இழுத்தடித்ததால் அவர் போய்விட்டார். வாழவே பிடிக்கவில்லை.

இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். விடுதித் தோழரோ, அக்காவோ, யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். போனவர் திரும்புவாரா என்பதை இப்போது யோசிக்க வேண்டாம். சாப்பிட்டுத் தூங்குங்கள், நாளை உங்களுக்கு நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். உங்களை எழுந்து போகச் சொல்லாத ஆசிரியர் எல்லாக் கல்லூரியிலும் ஒருவராவது இருப்பார்.

முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் எப்போது சொல்வது?

ஆபத்தில்லாத வீடு என்றால், முதல் சம்பளம் வாங்கி மூன்று நான்கு மாதங்கள் கழித்துச் சொல்லுங்கள். வட்டியில் ஒரு பகுதியை நீங்கள் கட்டத் தொடங்கிய பிறகு அப்பா உங்கள் பேச்சைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும். முதலில் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லுங்கள். பெற்றவர்கள் வெளியூரில் இருந்து வளர்ந்தவர்களுக்குப் பாட்டியின் ஆதரவு பெரிய பலம். திருவிழாக் கூட்டத்தில், உறவினர் சூழ இருக்கும்போது சொல்ல வேண்டாம்; அவர்கள் முன்னால் அப்பாவால் சம்மதிக்க நினைத்தாலும் முடியாது. தொலைபேசியிலும் வேண்டாம். எல்லோரும் ஊருக்குப் போன மறுநாள், வீட்டில் அப்பா மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். அன்றைக்கே பதில் வேண்டும் என்று கேட்காதீர்கள். முடிவெடுக்க உங்களுக்கே இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவருக்கும் சில மாதங்கள் கொடுங்கள்.